யார் வெளுத்த விரிப்பு?



டிசம்பர் 6. அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் கூடியிருக்கிறோம். இந்தக் கூட்டத்துக்காக வெளியூரிலிருந்து வந்த தோழர்களுக்கு நேற்று இரவு கன்னியாகுமரியில் அறை தேடி அலைந்தோம். ஐயப்ப பக்தர்கள் வந்துபோகும் காலம் இது. லாட்ஜுகள் நிரம்பிக் கிடந்தன. ஒருவழியாகக் கிடைத்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு தோழர் போர்வையை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து தன் லுங்கியை எடுத்துத் தலையணை மேல் விரித்துக்கொண்டார். நாம் எல்லோரும் செய்வதுதான். நமக்கு முன்னால் இதில் யார் படுத்தாரோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பேசும்போது நாம் கேட்க மறக்கும் இன்னொரு கேள்வியையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்த விரிப்பை வெளுத்தது யார்?

தீட்டும் அழுக்கும்

1917இல் அம்பேத்கர் பரோடா போய் இறங்கிய கதை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். பரோடா அரசின் பணியில் சேர வந்தவர். இந்து விடுதி எதிலும் இடம் கிடைக்காது என்பதால் ஒரு பார்சி சத்திரத்துக்குப் போனார். பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதினால்தான் அங்கே தங்கமுடியும். அப்படித்தான் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியோடு வந்த ஒரு கூட்டம் சத்திரத்தைத் தீட்டாக்கிவிட்டாய் என்று கூச்சலிட்டது. அன்று மாலைக்குள் அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

அவர் படுத்த படுக்கையில் அழுக்கு இருந்ததா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. துவைத்தால் போகும் கறையைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. அழுக்கு துணியில் இருக்கும். தீட்டு மனிதரின் பிறப்பில் இருப்பதாகச் சொல்லப்படும். அழுக்கை உவர்மண்ணும் வெந்நீரும் வெயிலும் போக்கும். தீட்டைப் போக்க ஆளை வெளியே தள்ளுவது ஒன்றுதான் வழி என்று சாதி கற்றுக்கொடுத்தது. நம் நாட்டில் பயணம் போகிறவர்கள் பாயும் செம்பும் தூக்கிக்கொண்டு போனதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. இன்னொருவர் பாயில் படுத்தால் சாதி போய்விடும் என்ற அச்சமும் அந்தச் சுருளுக்குள் இருந்தது.

விடுதலைக்குப் பிறகு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விடுதிகளுக்குள் நுழையும் உரிமையைத் தந்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பின்னால் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது, அதன் 4ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி உள்ளே போனது. விடுதியிலும் தர்மசாலையிலும் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களையும் பிற பொருள்களையும் பயன்படுத்தத் தடுப்பது குற்றம் என்றது. ‘பிற பொருள்கள்’ என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் பாயும் தலையணையும் போர்வையும் அடங்கும். பரோடாவில் தள்ளப்பட்ட மனிதரின் காலத்துக்குள்ளேயே சட்டம் படுக்கை வரைக்கும் வந்துவிட்டது.

வெளுத்தவர்களுக்கு வைத்த பெயர்

வெளுப்பவரின் வரலாறு இதைவிடப் பழையது. புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர்நிலத்துக் கிணற்று நீரில் நாள்தோறும் துணி வெளுக்கும் ஒரு பெண் வருகிறாள். அவளுக்குப் பாட்டு தரும் பெயர் புலைத்தி. புலை என்றால் இழிவு, அழுக்கு. ஊருக்கே வெள்ளை உடுத்தக் கொடுத்தவளுக்கு அழுக்கின் பெயரையே சூட்டியிருக்கிறது தமிழ். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப்பட்டியலில் வண்ணாரப்பாறை என்று ஒரு வரி உண்டு. துணி துவைக்கும் கல்லுக்கு அரசு வசூலித்த கட்டணம் அது. வேலையின் பயனையும் எடுத்துக்கொண்டு, வேலை செய்யும் கல்லுக்கும் காசு வாங்கினார்கள்.

நாஞ்சில் நாடு இருந்த திருவிதாங்கூர்ப் பகுதியில் ‘மாற்று’ என்றொரு வழக்கம் இருந்தது. மாதவிலக்கு, பேறு, சாவு ஆகிய தீட்டுக் காலங்கள் முடியும்போது வண்ணாத்தி வெளுத்துக் கொண்டுவந்து தரும் துணியை உடுத்தினால்தான் மேல்சாதி வீட்டுக்குத் தீட்டு கழியும். வீட்டில் எத்தனை புதுத்துணி இருந்தாலும் அவள் கை பட்ட மாற்று வேண்டும். சாமி புறப்பாட்டில் கால் வைக்க விரிக்கும் நடைபாவாடையும் வண்ணார் விரித்ததுதான். ஆனால் தீட்டைக் கழித்த கை முற்றத்தோடு நின்றது. துணி உள்ளே போகும். துணியைக் கொடுத்தவள் உள்ளே போகமுடியாது.

அந்தக் கையைக் கண்டு பயமும் இருந்தது. மண்ணாப்பேடி, புலப்பேடி என்று படித்திருப்பீர்கள். ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில், இரவில் தனியாக வெளியே வரும் மேல்சாதிப் பெண்ணை மண்ணானோ புலையனோ தொட்டுவிட்டால் அவள் சாதியை இழப்பாள். மண்ணான் என்பவர் வெளுக்கும் சாதியைச் சேர்ந்தவர். வேணாட்டு அரசர் கேரளவர்மன் 1696இல் இந்த வழக்கத்தைத் தடைசெய்தார். அந்த ஆணை கல்வெட்டாகவும் பொறிக்கப்பட்டது. பகலில் அவர்கள் தந்த துணி தீட்டைப் போக்கும். இரவில் அவர்கள் விரல் பட்டால் ஒருத்தியின் பிறவிச் சாதியே போகும். ஒரே கைக்கு இந்த இரண்டு வலிமையையும் கொடுத்துவிட்டு, அந்தக் கைக்குரியவருக்கு அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல்லும் அந்தியில் ஊர்ச்சோறும் கொடுத்தது இந்தச் சமூகம்.

வெள்ளாவி என்னும் அறிவு

இந்தக் கொடுமைக்குள்ளே ஓர் அறிவும் இருந்தது. வெள்ளாவி வைப்பதை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருப்போம். உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்துப் பிழிவார்கள். தண்ணீர்ப் பானை பதித்த அடுப்பின் மேல் சுற்றிச் சுற்றி அடுக்கி மூடுவார்கள். அந்தியில் வைத்த தீ விடியும் வரை எரியும். ஆவி துணிக்குத் துணி ஏறும். விடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ அடித்து அலசி வெயிலில் விரிப்பார்கள். யார் வீட்டுத் துணி என்று தெரிய, சேராங்கொட்டைப் பாலால் ஒவ்வொன்றிலும் குறி இருக்கும். நூற்றுக்கணக்கான துணிகளில் ஒன்று மாறாது.

இன்றைய மருத்துவமனைச் சலவைக்கு இங்கிலாந்தில் வைத்திருக்கும் அளவு, 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம். 60 டிகிரி நீரில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அழியும். வெள்ளாவியின் ஆவி 100 டிகிரியை ஒட்டியது. அதுவும் இரவு முழுவதும். உவர்மண்ணின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிருமி என்ற சொல் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே, ஒருவர் படுத்த துணியை இன்னொருவர் அச்சமின்றி உடுத்தும்படி செய்யத் தெரிந்தவர்கள் வண்ணார்கள்.

இந்த அறிவுக்கு அவர்கள் உடம்பால் விலை கொடுத்தார்கள். அம்மைக் கிருமி படுக்கைத் துணி வழியாக வெளுப்பவரைத் தொற்றும். அம்மை கண்ட வீட்டுத் துணியும், பேறு நடந்த வீட்டுத் துணியும், பிணம் கிடந்த பாயும் அவர்கள் தலையில்தான் ஏறின. ஊரின் நோயை மூட்டையாகக் கட்டிச் சுமந்தவர்களை ஊர் வாசலில் நிறுத்தியது.

நமக்கும் ஒரு வண்ணார் இருந்தார்

இதுவரை சொன்னது மேல்சாதியைப் பற்றி. கைதட்டுவது எளிது. இனிச் சொல்வது நம்மைப் பற்றி.

சேரிக்கும் வெளுத்துக் கொடுக்க ஒரு சாதி இருந்தது. புதிரை வண்ணார். பறையர், பள்ளர் குடும்பங்களின் துணியை வெளுத்தவர்கள், பேறுகால வேலையும் இழவு வேலையும் பார்த்தவர்கள். 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளேட்டில் திருநெல்வேலி மாவட்டத்துப் புரத வண்ணார் பற்றிய செய்தி வந்தது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று அவர்களைப் பகலில் வெளியே வரவிடவில்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் துணி வெளுத்தார்கள். அவர்கள் வெளுத்தது தீண்டப்படாதவர் எனப்பட்டோரின் துணியை. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதை எடுத்தாண்டபின் உலகம் முழுக்க மேற்கோள் ஆனது. நாமும் சாதியின் கொடுமைக்குச் சான்றாக இதை மேடையில் சொல்கிறோம். அந்த இரவில் அவர்கள் துவைத்தது நம் பாட்டன் பாட்டிகளின் துணி என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது தலித் வட்டாரத்துக்குள் பெரிய விவாதம் எழுந்தது. நம்மை ஒடுக்குவோராகக் காட்டலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்கும் புரியும். ஆனால் ஒரு சமூகம் முழுவதும் படிக்கட்டாக இருக்கும்போது, கடைசிப் படி எது என்று அம்பேத்கர் நம்மைத் தேடச் சொன்னார். படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அவர் சொன்னதை வகுப்பறையில் விளக்குகிறோம். நம் தெருவில் அதன் பெயர் புதிரை வண்ணார். அவர்களுக்கென ஒரு நலவாரியம் அமைய 2009ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதிச் சான்றிதழ் கேட்டு அலையும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு செய்தியும் உண்டு. வண்ணார் சாதி கன்னியாகுமரி மாவட்டத்திலும் பழைய செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியபோது திருவிதாங்கூரின் பட்டியல் நம்மோடு வந்தது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் சட்டத்தில் சாதியின் வகை மாறும். துணி மூட்டையின் எடை மாறாது.

அடுத்த விருந்தினர் கீழே நிற்கிறார்

இனி நேற்றைய அறைக்கு வருவோம். கடலோர விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் ஓர் அக்காவோடு பேசினேன். விரிப்பை ஒவ்வொரு ஆளுக்கும் மாற்றுவீர்களா என்று கேட்டேன். “மழ பெய்ஞ்சா துணி காயாதுல்லா மக்கா. அடுத்த ஆளு கீழ வந்து நிக்கான். கறை இருந்தா மாத்து, இல்லேன்னா தட்டி விரிம்பாவ. ஆனா கறைய ஆளு கண்டுட்டா ஏசு எனக்குத்தான்” என்றார். ஒருமுறை சம்பளத்திலும் பிடித்தார்களாம்.

அன்று வீட்டுத் தீட்டைக் கழித்த மாற்று, இன்று விடுதியில் ‘மாத்து’. அன்று போலவே இன்றும் அந்த வேலை ஒரு பெண்ணின் தலையில். எங்கே தவறு நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அறை, அறைக்கு இரண்டு பேர். விரிப்பு 20, தலையணை உறை 40, போர்வை உறை 20, துண்டு 40. ஒரு நாளைக்கு 120 உருப்படி. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில் என்று மூன்று செட் இருந்தால்தான் மழைக்காலத்தில் தாக்குப்பிடிக்கும். அதாவது 360. முதலாளி ஒன்றரை செட்டோடு நிறுத்திக்கொண்டால், மிச்சத்தை அந்த அக்கா தட்டித்தான் விரிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் பக்தர் கூட்டமும் ஒரே மாதத்தில் வருவது அவர் குற்றமா?

செய்ய வேண்டியது ஒன்றும் மந்திரமில்லை. ஒருவர் போனதும் விரிப்பு, தலையணை உறை, போர்வை உறை மூன்றும் கறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற வேண்டும். அடிக்கடி துவைக்க முடியாத கம்பளிக்கும் மெத்தைக்கும் கழற்றித் துவைக்கும் உறை வேண்டும். ரயிலில் கம்பளி மாதம் ஒருமுறையேனும் துவைக்கப்படுவதாக 2024 நவம்பரில் அமைச்சர் மக்களவையில் சொன்னார்; உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு துவைத்த விரிப்பு இருப்பதன் அவசியம் அதிலேயே தெரியும். அழுக்குத் துணியை உதறாமல், மார்போடு அணைக்காமல், உள்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும்; அதற்குத் தனிக்கூடையும் கையுறையும் வேண்டும். சூடுநீர் இயந்திரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். ஓர் ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் போதிய நேரமும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் முதலாளி காசு போட்டு வாங்க வேண்டியவை. எதையும் அந்த அக்காவின் ‘சுத்த உணர்வு’ வாங்கித் தராது.

வீட்டின் ஒரு பகுதியைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வழக்கமும் நம் கடற்கரைகளில் பெருகுகிறது. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, இன்று அறை இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் அதோடு வருகிறார்கள். விரிப்பைத் துவைப்பதற்குப் பதில் விருந்தினரைச் சலித்தெடுப்பது பரோடாவின் பழைய முறை. மாணவர்கள் அந்தக் கேள்வி எழும் இடத்தில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டுங்கள்.

அதைவிடச் சின்ன வேலை ஒன்று நம்மிடமே இருக்கிறது. நாளைக் காலையில் நம் தோழர்கள் அறையைக் காலிசெய்வார்கள். அவர்கள் படுத்த விரிப்புகளை யாரோ ஒருவர் சுருட்டி எடுத்துப் போவார். கூட்டச் செலவுக் கணக்கில் மேடை, ஒலிபெருக்கி, சாப்பாடு, அறை வாடகை என்று எழுதியிருக்கிறோம். அவர் கூலி அந்த வாடகைக்குள் எவ்வளவு, அவருக்குக் கையுறை உண்டா, எத்தனை செட் துணி இருக்கிறது என்று அறை எடுக்கும்போது நாம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கேட்போம். கேட்டுப் பதில் சொல்லும் விடுதியில்தான் அறை எடுப்போம். நம் மேடையில் புதிரை வண்ணார் பிள்ளை ஒருவர் வந்து பேச வேண்டும் என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்வோம். நம் துணியை இரவில் வெளுத்தவர்கள் பகலில் வந்து பேசட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம்.

ஜெய் பீம்.