மரவள்ளித் தேமல்: இரட்டைத் துகள் வைரஸ்களின் வரலாறு

மரவள்ளி தென் அமெரிக்காவின் பயிர். அதை வாட்டும் தேமல் நோயோ ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தோன்றியது. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கிழங்கை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்குள்ள செடிகளில் ஏற்கெனவே இருந்த வைரஸ்கள் புதுப் பயிருக்குத் தாவின என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நோயை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வார்பர்க். இன்றைய தான்சானியப் பகுதியில் கண்ட நோயை 1894இல் விவரித்த அவர், அதைச் ‘சுருட்டை நோய்’ என்றார். இலையைக் கையில் எடுத்தால் காரணம் தெரியும். வெளிர் மஞ்சள் திட்டுகள் வளராமல் நிற்க, பக்கத்திலுள்ள பச்சைப் பகுதி வளர்ந்துகொண்டே போவதால் இலை கோணிச் சுருங்குகிறது. தோலில் படரும் தேமலின் பெயரை இதற்கு வைத்த தமிழ் வழக்கு நோயின் தோற்றத்தை அப்படியே காட்டுகிறது.

தான்சானியாவின் அமானி ஆய்வு நிலையத்தில் ஸ்டோரியும் நிக்கோல்ஸும் 1930களில் செய்த பணி ஒரு திருப்பம். நோயை வெள்ளை ஈ பரப்புகிறது என்று 1938இல் அவர்கள் எழுதினர். மரவள்ளியை அதன் உறவான சியாரா ரப்பர் மரத்துடன் கலந்து, எதிர்ப்புத் திறனுள்ள வகைகளும் அங்கே உருவாயின. பிற்காலத்தில் நைஜீரியாவில் வெளியான வகைகளுக்கு அந்த வித்தே அடிப்படை.

நோய்க்காரணியைக் கையில் பிடிக்க மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1970களில் கென்யாவில் பாக் குழுவினர் பிரித்தெடுத்த வைரஸ், நோய்க்குறி தெரியாத செடிகளிலும் கிடைத்ததால் ‘மறைந்துறையும் வைரஸ்’ எனப்பட்டது. அதுவே நோய்க்குக் காரணம் என்பது 1983இல்தான் உறுதியானது. இரண்டு உருண்டைகள் ஒட்டினாற்போன்ற துகள் வடிவத்தால், மிதுன ராசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இக்குடும்பம் ‘ஜெமினி’ என்ற பெயரைப் பெற்றது. துகளுக்குள் இருப்பது வட்டமான ஒற்றை இழை டிஎன்ஏ. மரவள்ளி வைரஸுக்கு இவ்வகை வட்டங்கள் இரண்டு உண்டு. ஒரு துகளில் ஒன்றே அடங்கும், நோய் உண்டாக இரண்டும் வேண்டும். இதையும் 1983ஆம் ஆண்டின் ஆய்வுகளே காட்டின.

1980களின் இறுதியில் உகாண்டாவில் கடுமையான கொள்ளைநோய் கிளம்பியது. ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸின் புற உறை மரபணுத் துண்டு ஒன்று கிழக்காப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸுக்குள் புகுந்த கலப்பினமே அதற்கு வேர் என்று 1997இல் தெரிந்தது. ஒரே செடியில் இந்தக் கலப்பினமும் ஆப்பிரிக்க வைரஸும் சேர்ந்தபோது பாதிப்பு பன்மடங்கானது. பல வட்டாரங்களில் உழவர்கள் மரவள்ளியையே கைவிட்டனர். அன்றாட உணவே அக்கிழங்காக இருந்த குடும்பங்களுக்கு அது பேரிழப்பு.

இந்தியாவில் கதை தனி. போர்ச்சுகீசியர் வழியே மலபாருக்கு வந்த கிழங்கை 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரப்பினார். தேமல் நோய் பற்றிய முதல் பதிவோ 1956இல்தான். இங்குள்ள வைரஸ்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையல்ல. இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று அவை தனி இனங்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு பயிராகும் சேலம் வட்டாரத்திலும் இந்நோய் பழகிய ஒன்று. நோயுற்ற செடியின் குச்சியை வெட்டி நட்டால், வெள்ளை ஈ வருவதற்கு முன்பே முதல் இலையில் தேமல் தெரியும்.

இலங்கை வைரஸ் 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் கண்டறியப்பட்டது. 2017இல் வியட்நாமின் தைநிங், 2018இல் தாய்லாந்து, சீனா என்று அது விரைந்தது. நாடுகளுக்கிடையே வண்டி வண்டியாகக் கைமாறிய நடவுக் குச்சிகளே, வெள்ளை ஈயால் தானாகக் கடக்க முடியாத தூரங்களுக்கு அதைக் கொண்டு சேர்த்தன.