தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

"வயதாகிவிட்டது, சும்மா உட்காருங்கள்" என்று வீட்டுப் பெரியவர்களிடம் அன்போடுதான் சொல்கிறோம். தேய்ந்த தசைக்கு அந்த அன்பு நல்லதா?

பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் இதைச் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். பங்கேற்ற பத்துப் பேரும் 86 முதல் 96 வயதினர், தளர்ந்தவர்கள். வாரம் மூன்று நாள், மேற்பார்வையுடன், முழங்காலை நீட்டி எடையை மெல்ல உயர்த்தி இறக்கினர். விளையாட்டு எடையன்று! முதல் வாரம் கழிந்ததும், அவரவரால் ஒருமுறை தூக்க முடிந்த உச்ச எடையில் 80 விழுக்காடு.

எட்டு வாரப் பயிற்சியை முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. வகுப்பறைக் கணக்கில் சொன்னால், 100 நியூட்டன் எடையைத் தூக்கிய கால் 274 நியூட்டனைத் தூக்கியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டனர்.

பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அந்த வலிமை 32 விழுக்காடு குறைந்துபோயிற்று.