பாதியில் நிற்பவனுக்கு என்ன மிஞ்சும்?

ஆங்கிலமே அறியாத பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது அவ்வளவு கடினமல்ல. ஓரளவு கற்று, அதற்குமேல் ஏற முடியாமல் நிற்பவனை என்ன செய்வது என்பதே கிராமத்துப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்போரை வாட்டும் கேள்வி. அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். நான்கு வாக்கியங்கள் எழுதுவான். பத்திரிகையைக் கையில் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவான். இத்தகைய மாணவனை மனதிற் கொண்டு ஆங்கிலப் பாடத்தையே மாற்றி அமைக்க முனைந்தவர்களுள் மைக்கல் வெஸ்ட் (1888–1973) முக்கியமானவர். அவரது சிந்தனை உருவான இடம் கிழக்கு வங்காளத்தின் டாக்கா நகரம்.

1912இல் இந்தியக் கல்விச் சேவையில் சேர்ந்த வெஸ்ட், பின்னர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் அதிபரானார். கிழக்கு வங்காளக் குடியானவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பிள்ளைகள் சில ஆண்டுகள் பள்ளிக்கு வருவர். பின்னர் வயலுக்கோ கடைக்கோ திரும்பிவிடுவர். பாடத்திட்டமோ இறுதி வகுப்பைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகும் சிலரையே நோக்கி அமைந்திருந்தது. 1926இல் கல்கத்தாவில் வெளியான, இருமொழியம் பற்றிய தமது நூலில் வெஸ்ட் காப்புறுதித் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார். காப்புறுதியை முதிர்வுக்கு முன்பே கைவிடுபவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையை 'சரண்டர் வெலியூ' என்பார்களல்லவா, அதுதான். படிப்பைப் பாதியில் விடும் மாணவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் மிஞ்சுவது என்ன என்று கேட்டார்.

அவர் கண்ட விடை, வாசிப்பு. பேச்சு ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றவன், பேச ஆளில்லாத ஊரில் அதை மறந்துவிடுவான். எளிய நூல்களையேனும் வாசிக்கப் பழகியவனுக்கு ஒரு கருவி கையில் இருக்கும் என்பது அவர் வாதம். இதில் ஒரு குடியேற்ற ஆட்சி அதிகாரியின் பார்வையும் கலந்திருக்கிறது. வங்காளச் சிறுவன் எவ்வளவு ஆங்கிலம் பேசினாற் போதும் என்பதை அவனைக் கேட்டு எவரும் தீர்மானிக்கவில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் இன்றைய இளைஞனிடம் வாசிப்பு மட்டும் போதும் என்று சொல்லவும் முடியாது. ஆயினும் வெஸ்ட் எழுப்பிய கேள்வி பழையதாகிவிடவில்லை.

வாசிப்பே வழியென்றால் எதை வாசிப்பது? அன்றைய வாசிப்புப் புத்தகங்களில் புதிய சொற்கள் மழைபோலப் பொழிந்தன. அவற்றுட் பல, மாணவன் மறுபடி எங்கும் சந்திக்காத சொற்கள். அமெரிக்கரான தோர்ன்டைக் 1921இல் வெளியிட்ட 10,000 சொற்களின் பட்டியலைத் துணைக்கொண்டு, அருகிய சொற்களைக் களைந்து, புதிய சொற்களை இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தி, வந்த சொல்லை மீண்டும் மீண்டும் வரச்செய்து வெஸ்ட் தமது 'நியூ மெதட்' வாசிப்பு நூல்களை அமைத்தார். 1935இல் எண்டிகொட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதியும் தொகுத்தார். 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள் நின்றே அது விளக்கியது. கடினமான சொல்லுக்கு அதைவிடக் கடினமான சொல்லால் பொருள் கூறும் அகராதிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இதே காலத்தில், 1930இல், ஒக்டன் 18 வினைகள் உட்பட 850 சொற்கள் போதும் என்று 'பேசிக் இங்கிலிஷ்' திட்டத்தை முன்வைத்தார். வெஸ்ட் அதை ஏற்கவில்லை. சொற்கள் குறைவுதான், ஆனால் 'கிவ் அப்', 'புட் அப் வித்' என்று சிறு சொற்கள் ஒட்டி உருமாறும் வினைகளைக் கற்பது புதிய சொல்லொன்றைக் கற்பதைவிடச் சிரமம். 1934இல் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் நியூயோர்க்கில் கூடிய அறிஞர்களின் ஆய்வு, பல திருத்தங்களின் பின் 1953இல் வெஸ்டின் பொதுப்பயன் சொற்பட்டியலாக வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள். ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எவ்வளவு வழங்குகிறது என்ற கணக்கும் உண்டு.

இந்த 2,000 சொற்கள் சாதாரண எழுத்தில் 80 வீதமளவைத் தழுவுகின்றன என்பர். கேட்க இனிக்கிறது. ஆனால் ஐந்துக்கு ஒரு சொல் தெரியாது என்பதுதானே இதன் மறுபக்கம்? பெரும்பாலும் அந்த ஐந்தாவது சொல்லிலேயே செய்தி ஒளிந்திருக்கும். துணையின்றி நாவலோ பத்திரிகையோ வாசிக்க 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என்று போல் நேஷன் 2006இல் கணக்கிட்டார். நமது மாணவன் நிற்பது இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான். அங்கே ஒவ்வொரு புதிய சொல்லும் அரிதாகவே கண்ணில் படும். ஆகவே பாடநூலால் மட்டும் அவ்வெளியைக் கடக்க இயலாது.

இலக்கணத்தின் கதை யப்பானில் நடந்தது. 1924இல் அங்கு ஆசிரியராகச் சென்ற ஹோர்ன்பி, பின்னர் ஹரோல்ட் பாமருடன் இணைந்து பணியாற்றினார். இடைநிலை மாணவர் வினைச்சொல்லின் பொருளை அறிந்தும் வாக்கியத்தில் தவறுவதை இவர்கள் கவனித்தனர். 'டெல் மீ' சரியென்பதால் 'எக்ஸ்பிளெயின் மீ' என்பதும் சரியென மாணவன் எண்ணுகிறான். 'வோன்ட் டு கோ' என்பதைப் பார்த்து 'சஜெஸ்ட் டு கோ' என்கிறான். நம் பிள்ளைகளுக்கோ தாய்மொழியும் சேர்ந்து வழிகாட்டிவிடும். 'எனக்கு விளக்குங்கள்' என்ற வாக்கியம் அப்படியே ஆங்கிலமாகும். 'அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்பதிலுள்ள 'பற்றி', 'டிஸ்கஸ் எபவுட்' என்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஹோர்ன்பி இதற்காக வினைகளை 25 அமைப்புகளாக வகுத்து, அகராதியில் ஒவ்வொரு வினையின் அருகிலும் அதற்குரிய அமைப்பைக் குறித்தார். எண்ணத்தக்க பெயர், எண்ணத்தகாத பெயர் என்ற வேறுபாட்டையும் காட்டினார். 'இன்பர்மேஷன்ஸ்' என்று எழுதுவோருக்கு அது போதிய எச்சரிக்கை. கேட்டன்பி, வேக்பீல்ட் ஆகியோருடன் அவர் தொகுத்த அந்த அகராதி போர்க்காலத்தில், 1942இல், டோக்கியோவில் வெளியாயிற்று. ஒக்ஸ்போர்ட் அதையே 1948இல் மறுபதிப்புச் செய்தது. இன்றுவரை புதுப்பதிப்புகள் காணும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதியின் மூலம் அதுவே.

பழைய இலக்கக் குறியீடுகள் இப்போது அதில் இல்லை. அவற்றின் வேலையை எடுத்துக்காட்டு வாக்கியங்களும் எளிய குறிப்புகளும் செய்கின்றன. நம் மாணவர் அகராதியைத் திறப்பதே பொருள் பார்க்கத்தான். பொருள் அகப்பட்டதும் மூடிவிடுகிறார்கள். ஹோர்ன்பி எழுதிவைத்த பாடம் அதற்கடுத்த வரியில் தொடங்குகிறது.