கொடைக் குருதியில் மறைந்த நோய்

உயிர் காக்கும் கொடைகளுள் குருதிக் கொடை தலையாயது. கொடுப்பவர் நலமுடையவர், கொடுக்கப்படுவது தூய்மையானது என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளமாகும். அந்நம்பிக்கை 2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று.

மேற்கு நைல் வைரசு 1937இல் உகண்டா நாட்டின் மேற்கு நைல் மாவட்டத்தில், காய்ச்சலுற்ற பெண்ணொருத்தியின் குருதியிலே முதன்முதல் கண்டறியப்பட்டது. பறவைகளின் உடலிற் பெருகும் அவ்வைரசை நுளம்புகளே மனிதரிடம் கொண்டு சேர்க்கின்றன. 1999இல் நியூயோர்க் நகரில் தலைகாட்டிய அது, மூன்றாண்டுகளுள் நாட்டின் பெரும்பகுதியிற் பரவிற்று.

2002 ஓகஸ்ட் மாதத்தில், இறந்த ஒருவரின் உறுப்புக்களைப் பெற்ற நால்வருக்கும் அந்நோய் தொற்றியிருந்தமை வெளிப்பட்டது. உறுப்பளித்தவருக்கு இறக்குமுன் பலருடைய குருதி ஏற்றப்பட்டிருந்தது; அவற்றுள் ஒன்றில் வைரசு இருந்தமை ஆராய்ச்சியிற் புலனாயிற்று. குருதியேற்றத்தினால் அவ்வாண்டில் 23 பேருக்கு அவ்வைரசு தொற்றியமை உறுதியாயிற்று. நுளம்பு செய்த தீமையை மனிதனின் நற்செயலும் செய்யக்கூடும் என்பது தெளிவாயிற்று.

இதற்குக் கொடையாளரைக் குறைகூறல் தகாது. இவ்வைரசு தொற்றியோருள் பத்தில் எட்டுப் பேர் நோய்க்குறி எதனையும் உணர்வதில்லை. அவர்களைக் கேள்வி கேட்டுப் பயனில்லை. நோயெதிர்ப்புப் பொருளைத் தேடுஞ் சோதனையும் போதாது. அப்பொருள் தோன்றுமுன்னரே வைரசு குருதியிற் கலந்துவிடுகின்றது. ஆகவே வைரசின் நியூக்கிளிக் அமிலத்தையே நேராகத் தேடும் சோதனை வேண்டப்பட்டது.

ஓராண்டு கழியுமுன், 2003 யூலை மாதத்தில், அச்சோதனை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 6 அல்லது 16 பேரின் குருதி மாதிரிகள் ஒன்றாகக் கலந்து சோதிக்கப்பட்டன. அவ்வாண்டில் வைரசுள்ள 818 கொடைகள் தடுக்கப்பட்டன. எனினும் ஆறு பேருக்கு நோய் தொற்றிற்று. கலந்த மாதிரியிலே சிறிதளவு வைரசு நீர்த்து மறைந்தமையே காரணம். அதனால், நோய் மிகுந்த பகுதிகளில் ஒவ்வொருவர் குருதியையுந் தனித்தனியே சோதிக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது.

இம்முயற்சியாற் பிறிதொரு பயனும் விளைந்தது. நலமுடன் நடமாடும் கொடையாளரின் குருதியில் வைரசு காணப்படின், அவர் வாழும் பகுதிக்கு நோய் வந்துவிட்டமை சுகாதார அதிகாரிகளுக்குத் தெரியவரும். 2016இல் சிக்கா வைரசு அமெரிக்காவை அடைந்தபோதும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. நோயாளிக்கு உயிரளிக்க வந்த கொடையாளர், அறியாமலே தம் ஊருக்குங் காவலராயினர்.