குடிகாரர், 'குடி'மகன், குடிநோயாளி: பெயர் மாறினால் என்ன மாறும்?

பால்காரர், தபால்காரர், ஆட்டோக்காரர்... இதே வரிசையில 'குடிகாரர்'னும் ஒருமுறை சொல்லிப் பாருங்க. அதுவும் ஏதோ முழுநேர வேலை மாதிரி கேட்குதுல்ல? 'காரர்' சேர்ந்தா போதும், ஒரு பழக்கமே அந்த ஆளோட அடையாளமா மாறிடும். இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான்.

பழைய தமிழ்ல குடிக்கிறது எப்பவுமே அவமானமா இருக்கல. புறநானூறு 235ஆம் பாட்டுல, செத்துப்போன அதியமானை நினைச்சு ஔவையார் அழறாங்க. கொஞ்சமா கள் கிடைச்சா எங்களுக்கே கொடுத்துடுவான், நிறைய கிடைச்சா நாங்க பாட அவனும் சேர்ந்து குடிப்பான்னு சொல்றாங்க. அங்கே கள், நட்புக்கும் கொடைக்கும் அடையாளம்.

திருக்குறளுக்கு வந்தா தொனி மாறுது. 93ஆம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை'. கள் குடிக்கிறவங்க நஞ்சு உண்கிறவங்கன்னே சொல்லிடறார் வள்ளுவர். ஆனா கடைசி ரெண்டு குறள்ல அவர் எடுத்திருக்கிற சொல்லைக் கவனிங்க: 'களித்தான்'. மகிழ்ச்சியைச் சொல்ற 'களிப்பு' இருக்கே, அதே வேர். இப்போ போதையில இருக்கான்னுதான் அதுக்கு அர்த்தம். அவன் பிறவியே அப்படின்னு இல்ல. அந்த அதிகாரத்தோட கடைசிக் கேள்வி இதுதான்: தான் குடிக்காத நேரத்துல, இன்னொருத்தன் போதையில தள்ளாடுறதைப் பார்த்தா, தன் நிலைமை இவனுக்கு உறைக்காதா? அதாவது, குடிக்கிறவனுக்கும் தெளிஞ்ச நேரம் ஒண்ணு இருக்குன்னு வள்ளுவர் நம்பறார்.

இருபதாம் நூற்றாண்டுல இந்த விஷயம் சட்டத்துக்குள்ள வந்துச்சு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டுவந்தது. குடிக்கிறவர் இப்போ சட்டத்தை மீறினவரும் ஆனார். 1971ல மதுவிலக்கு தளர்ந்து, அப்புறம் மறுபடி வந்து, போய், 1983ல டாஸ்மாக் உருவாச்சு. 2003ல சில்லறை விற்பனையையும் அரசே கையில எடுத்துக்கிச்சு.

அதோட சொல்லும் மாறுச்சு. பத்திரிகைத் தலைப்புகள்ல 'குடி'மகன்னு மேற்கோள் குறி போட்டு ஒரு சிலேடை. அது சலிச்சதும் 'மதுப்பிரியர்'. தோசைப்பிரியர் மாதிரி! நம்ம பேச்சுல 'மட்டை ஆயிட்டான்'. குற்றவாளியா இருந்தவர் காமெடி பீஸ் ஆயிட்டார். ஆனா அவர் வீட்டுல யாரும் சிரிக்கல.

இதுக்கு நடுவுல, ரொம்ப தூரத்துல இன்னொரு சொல் பிறந்திருந்தது. 1849ல ஸ்வீடன் மருத்துவர் மாக்னஸ் ஹஸ், தொடர்ந்து குடிக்கிறவங்களோட நரம்பும் உடம்பும் எப்படிக் கெடுதுன்னு எழுதி, அதுக்கு 'ஆல்கஹாலிசம்'னு பேர் வெச்சார். ஒழுக்கக்கேடுன்னு மட்டும் பார்க்கப்பட்டது, மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயமாவும் ஆச்சு. நம்ம ஊர்ல இன்னைக்கு மருத்துவர்கள் சொல்ற 'குடிநோயாளி' அந்த வழியில வந்த சொல்தான்.

'அடிச்சு உதைச்சுட்டு வர்றவனுக்கு நோயாளின்னு மரியாதையா?' இந்தக் கோபம் நியாயமானது. நோய்னு சொல்றதால அவர் செஞ்சதுக்கான பொறுப்பு போயிடாது. ஆனா அடுத்து என்ன செய்யணும்ங்கிறது மாறும்.

'குடிகாரன்'னா, 'மனசு வெச்சா நாளைக்கே நிறுத்தலாம்'னு சொல்லிடுவோம். வருஷக்கணக்கா தினமும் நிறைய குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிரே கூடப் போகலாம். ரோஷத்துல வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு நிறுத்தற விஷயம் இல்ல இது. மருத்துவர் கண்காணிப்புல, மருந்தோட நிறுத்தணும்.

குடிகாரன்னு சொன்னா வீட்டுல திட்டு விழும். குடிநோயாளின்னு சொன்னா யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரை அடுத்த தடவை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறீங்க? யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.