பனியன் நகரத்தின் கதை: உப்புத் தண்ணீருக்கு ஒரு வழி

சாயக் கழிவுநீரில் ஒரு சொட்டையும் வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் திருப்பூரின் திட்டம், சாயப்பட்டறைகள் நீதிமன்றத்தில் தோற்ற பிறகுதான் உருப்பெற்றது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உப்பு கழிவுநீரோடு போய்விடும். சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும், உப்பு குறையாது. நொய்யல் ஆற்றில் கலந்த அந்தத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. பாசன விவசாயிகளின் சங்கம் வழக்குப் போட்டது. கழிவுநீர் வெளியேற்றத்தை அறவே நிறுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2009-ல் அதை உறுதி செய்தது.

உத்தரவை நிறைவேற்ற, சாயப்பட்டறைக்காரர்கள் கூட்டாக முதல் போட்டு வீரபாண்டி, அருள்புரம், சின்னக்கரை உள்ளிட்ட இடங்களில் நடத்திய பொது சுத்திகரிப்பு நிலையங்களில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகள் பொருத்தப்பட்டன. பெரும்பகுதித் தண்ணீர் நல்ல தண்ணீராகத் திரும்பியது. எஞ்சிய கடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க நிறுவிய ஆவியாக்கிகளோ ஈடுகொடுக்கவில்லை. எரிபொருள் செலவும் கட்டுப்படியாகவில்லை. கழிவு ஆற்றுக்குப் போவது நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியைச் சாயமேற்ற வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

மாற்றம் அருள்புரத்தில் தொடங்கியது. ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புநீர் முழுவதையும் காய்ச்சுவது ஏன்? சாயமேற்ற எப்படியும் உப்புநீர்தானே தேவை? அதிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, பட்டறைக்கே திருப்பி அனுப்பும் முறையை, தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு அந்த நிலையம் சோதித்தது. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் பயன்படுத்தப்பட்டது. குளிர்வித்தால் படிகமாகப் பிரியும் என்பதால் அதை மீட்பது எளிது. ஆவியாக்கிக்குப் போகும் நீரும் குறைந்தது.

நீதிமன்றம் வெள்ளோட்டத்துக்கு அனுமதித்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. மற்ற நிலையங்களும் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

தண்ணீரை மீட்கும் யோசனை 2011-ல் தோற்கவில்லை. உப்புநீரைக் கையாண்ட முறைதான் தோற்றது. அந்த ஒரு பகுதியை மாற்றியதால் திட்டம் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது.