எலிப்பொறிச் சுவர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் மெஸ் பற்றி ஆறு கட்டுரை வந்தாச்சு. சிவில் பேட்ச்லேருந்து உருப்படியா ஒண்ணும் வரலை. நீ ஏதாவது வரலாறு எழுதேன்" என்றார்கள். எனக்கு ராஜா ராணி வரலாறு எல்லாம் தெரியாது. தெரிந்தது ஒரு சுவரின் வரலாறு. அதையே எழுதுகிறேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

மூன்றாம் ஆண்டு ஐ.வி.க்கு திருவனந்தபுரம் போனது நம் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் பஸ் போய் நின்ற இடம் தம்பானூர். ஸ்டாண்டுக்கு எதிரே உருளையாக, செங்கல் நிறத்தில், உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக ஒரு இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படியே கிடையாது. தரையே சரிவுப் பாதையாகச் சுற்றிச் சுற்றி மேலே போகும். ஓரத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேஜையும் பெஞ்சும். தோசை தின்றபடி, "இதுக்கு எப்படிடா சென்ட்ரிங் அடிச்சான்?" என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். கூட வந்த சார், "இது லாரி பேக்கர் கட்டினது. நல்லாப் பார்த்துக்கோங்க, உங்க சிலபஸ்ல வராது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்கப் போய்விட்டார். அவர் நாலு வருஷத்தில் சொன்னதில் எனக்கு மறக்காமல் நிற்பது இது ஒன்றுதான் (சார் மன்னிக்கணும்).

பேக்கர் 1917ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். ஆர்க்கிடெக்சர் படித்தவர். குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொல்லி, இரண்டாம் உலகப் போரில் மருத்துவ உதவிப் படையோடு சீனாவுக்குப் போனார். திரும்பும்போது பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். கிராமத்தில் ஒரு வீடு என்றால் அதற்கான பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். பேக்கர் கடைசிவரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1945ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்தார்; 1948ல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்தார்; இமயமலையில் பித்தோராகட் பக்கம் சுமார் பதினாறு வருஷம் இருந்தார். கொண்டுவந்த பாடப் புத்தகங்களில் கரையான் பற்றியும், சாணம் பற்றியும், செம்மண் பற்றியும் ஒன்றுமே இல்லை. ஊர்க்காரர்கள் கல்லும் மண்ணும் மரமும் வைத்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் மறுபடி பாடம் படித்தார். படிப்பு முடிந்த பிறகும் படிக்க வேண்டியிருக்கிறது என்று நமக்கு சைட்டுக்குப் போன முதல் வாரம் தெரிகிறதே, அதேதான்.

அப்புறம் கேரளம். முதலில் வாகமண், பிறகு 1970 வாக்கில் திருவனந்தபுரம். அப்போது முதலமைச்சர் அச்சுத மேனன். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் தொடங்கி அதைக் கட்டும் பொறுப்பைப் பேக்கரிடம் கொடுத்தார். சரிவான இடம். மேட்டை வெட்டிச் சமன் செய்யாமல், மரத்தை வெட்டாமல், மரம் இருக்கும் இடத்தில் சுவரை வளைத்தார். பேக்கருக்கு ஆபீஸ் கிடையாது. பழைய கவரைக் கிழித்து அதன் பின்பக்கம் வரைவார். சைட்டில் நின்று, கொத்தனாரோடு பேசி, பாதியில் மாற்றுவார்.

ஒரு தனி மனிதர் எத்தனை சைட்டில்தான் நிற்க முடியும்? 1985ல் அச்சுத மேனன், கே.என். ராஜ், பேக்கர், டி.ஆர். சந்திரதத் ஆகியோர் சேர்ந்து திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிராம முன்னேற்றத்துக்கான அறிவியல் தொழில்நுட்ப மையம் என்று பெயர். லாப நோக்கமில்லாத நிறுவனம்; ஆனால் பிளான் போடுவது, கட்டிக் கொடுப்பது, கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அவர்களே. இதில்தான் விஷயம் இருக்கிறது. நம் தொழிலில் என்ஜினியருக்குச் செலவில் இத்தனை சதவீதம் என்று பீஸ். செலவு குறைந்தால் நமக்கும் குறையும். அப்புறம் யார் செங்கலை மிச்சம் பண்ணுவார்கள்? இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இனி சுவருக்கு வருகிறேன். இங்கிலீஷில் 'ராட் ட்ராப் பாண்ட்', எலிப்பொறிக் கட்டு. இங்கிலாந்தில் பழைய முறை. கேரளத்தில் பரப்பியவர் பேக்கர். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி வைப்பார்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம், இரண்டையும் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒன்று. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான்.

மாணவத் தம்பி தங்கைகளே, ஒரு பென்சில் எடுங்கள். செங்கல் 9 x 4.5 x 3 அங்குலம், சாந்துக் கனத்தையும் சேர்த்து என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்கு 1,296 கன அங்குலம். ஒரு செங்கல் 121.5 கன அங்குலம்; ஆக 10.67 செங்கல். எலிப்பொறியில் 12 அங்குல நீளம், 4.5 அங்குல உயரத்துக்கு மூன்று செங்கல். சதுர அடிக்கு 8. கால்வாசி மிச்சம்! சாந்தும் குறையும். வரிசை நேர்த்தியாக இருப்பதால் வெளியே பூசவும் வேண்டாம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். ஒரே ஒரு சங்கடம்: ஐ.எஸ். மாடுலர் செங்கல் 19 x 9 x 9 செ.மீ. வாங்கினால் இது நடக்காது. எப்படி வைத்தாலும் ஒன்பதுதான், உள்ளே இடமே இருக்காது.

கூரைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்லாபில் நடுஅச்சுக்குக் கீழே இருக்கும் காங்கிரீட் இழுவிசையைத் தாங்குவதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஆர்.சி.சி. பேப்பரில் எழுதி மார்க் வாங்கினோம் அல்லவா? கணக்கில் வராத காங்கிரீட்டை எதற்குக் காசு கொடுத்துப் போட வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள். கம்பிகளுக்கு நடுவில் பழைய மங்களூர் ஓடு இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே காங்கிரீட். சிமெண்ட் குறையும், எடை குறையும், எடை குறைவதால் கம்பியும் குறையும்.

இதெல்லாம் பணக்காரர் வீட்டு விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். காஸ்ட்ஃபோர்டு வருவதற்கு முன்பே, 1974-75ல், திருவனந்தபுரம் அருகே பூந்துறையில் மீனவர்களுக்குப் பேக்கர் வீடு கட்டினார். அரசாங்கக் காலனி என்றால் நேர்கோட்டில் பெட்டி பெட்டியாக வைப்பதுதானே வழக்கம்? அவர் வீடுகளை முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கடல் தெரிய வேண்டும், காற்று வர வேண்டும்; நடுவில் வலை காயப்போட, மீன் காயவைக்க இடம் வேண்டும். ஜாலிச் சுவர் வழியாகக் கடல் காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும். குடியிருப்பவன் என்ன தொழில் செய்கிறான் என்று தெரியாமல் இந்த பிளானைப் போட முடியாது. பின்னாளில் அதே நகரத்தில் கரிமடம் காலனியில் குடிசைகளுக்குப் பதிலாக அடுக்குமாடி வீடுகள் வந்தபோது, காஸ்ட்ஃபோர்டு ஆட்கள் குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் திட்டம் போட்டார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பூசாத சுவரில் கேரளத்து மழைக்குப் பாசி படியும், பராமரிக்க வேண்டும். கொத்தனார் கை சுத்தமில்லை என்றால் சுவர் கண்றாவியாக இருக்கும், மறைக்கப் பூச்சும் கிடையாது. அதைவிடப் பெரியது, செங்கலே ஒரு பிரச்சினை. வயல் மண்ணை வெட்டி, விறகை எரித்துச் சுட்ட பொருள் அது. கேரளத்தில் நெல்வயல்களையும் சதுப்பு நிலங்களையும் பாதுகாக்க 2008ல் சட்டமே வந்தது. கால்வாசி செங்கல் மிச்சம் என்றால் முக்கால்வாசி எரிகிறது என்றும் அர்த்தம். பேக்கர் மண் வீடு பற்றித் தனிப் புத்தகமே போட்டிருந்தார். காஸ்ட்ஃபோர்டும் மண், மூங்கில் பக்கம் நகர்ந்தது. 'லோ காஸ்ட்' என்ற பெயரும் கெடுதல் பண்ணியது. ஏழைக்கான வீடு என்ற முத்திரை விழுந்தால் ஏழைகூட விரும்பமாட்டான். பேக்கர் 1989ல் இந்தியக் குடிமகன் ஆனார், 1990ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007 ஏப்ரல் 1ம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். நாங்கள் ஐ.வி. போன போது அவர் இல்லை.

இத்தனையும் தெரிந்த நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2013ல் திருநெல்வேலி பக்கம் எங்கள் ஊரில் அப்பாவுக்கு வீடு கட்டினேன். ஒன்பது அங்குலச் சுவர் மட்டும் சுமார் 2,400 சதுர அடி. எலிப்பொறிக் கட்டில் 6,400 செங்கல் மிச்சம் என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கொத்தனார் அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, சுவத்துக்குள்ள பொந்து விட்டா பாம்பு வந்து குடியிருக்கும். பொறவு நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது" என்றார். அப்பா இன்னொரு பக்கம்: "பூசாம விட்டா கையில காசு இல்லைன்னு பேசுவாங்கடா. மகன் என்ஜினியர்னு வேற சொல்லி வச்சிருக்கேன்." நான் வாதாடவே இல்லை. வேலை புதுசு, லோன் வாங்கியிருந்தேன், ஏதாவது விரிசல் விட்டால் என் தலையில் விழும் என்ற பயம். படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கெட்டிச் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, மேலே ஐந்து அங்குல ஸ்லாப். சித்திரை மாதத்தில் மாடி அறையில் மத்தியானம் ஒருத்தரும் இருக்க முடியாது. அப்பா கீழே வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன வருஷம் தங்கச்சி பக்கத்து மனையில் வீடு ஆரம்பித்தாள். அதே அண்ணாச்சிதான் வேலைக்கு. இந்தத் தடவை படம் வரையவில்லை. அவரையும் அவர் மகனையும் ரயிலேற்றித் திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போனேன். எலிப்பொறிக் கட்டில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு தெரிந்தவர் வீடு. அண்ணாச்சி யாரிடமும் பேசவில்லை. பாதி எழும்பிய சுவரின் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். தூக்குகுண்டை வாங்கி அவரே விட்டுப் பார்த்தார். அப்புறம் அங்கிருந்த மலையாளத்துக் கொத்தனாரிடம் கேட்ட முதல் கேள்வி: "மூலையில இதை எப்படி முடிக்கிய?" பாம்பு பற்றிப் பேச்சே இல்லை. அடிவரிசையும், ஜன்னல் மட்டத்து வரிசையும், லிண்டல் மட்டமும் கெட்டியாக வரும், நிலைப் பக்கமும் அடைத்துவிடுவோம், பொந்துக்கு வாசல் கிடையாது என்று அவர் தரையில் செங்கல் அடுக்கிக் காட்டினார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பாதித் தமிழ், பாதி மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது ரயிலில் தங்கச்சிக்கு போன் போட்டு அண்ணாச்சியே பேசினார்: "கீழ வீடு வழக்கம் போல இருக்கட்டும்மா. மாடி மட்டும் போட்டுப் பாப்போம்." அவ்வளவுதான் கிடைத்தது, நானும் சரி என்றேன். மாடிச் சுவரின் முதல் மூன்று வரிசையை வைத்துவிட்டு, பிடிக்காமல் அவரே உடைத்து மறுபடி வைத்தார். இப்போது லிண்டல் மட்டம் வந்திருக்கிறது. மாடியில் வெளிப்பூச்சு கிடையாது என்பதற்கு அப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை.